பதினான்கு இலைகள்

ராசா,

"நான் நல்ல சுகம், உன் சுகத்தை எழுது" என்று தொடங்கினால் இதுவும் உனக்கு வந்த மற்றக் கடிதங்களைப் போலாகிவிடும். அதனால் அந்த வரியை இன்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ, வேலைக்காகப் போயிருக்கிற பொலோஞ்ஞாவிலிருந்து டெலிபோன் எடுத்தாய். "அம்மா, அப்பாவின்ரை அலுவல் சரி. குவெஸ்தூராவிலை விசாவுக்கு ஓம் எண்டிட்டாங்கள். இனி அவரின்ரை பாஸ்போர்ட் நம்பர் ஒண்டுதான் வேணும். தை மாசம் என்ரை கலியாணத்துக்கு ஆள் இஞ்சை நிப்பார், பாருங்கோ" என்று மூச்சு விடாமல் சொன்னாய். நான் "ஓம் ராசா" என்றேன். ரிசீவரை வைத்த பிறகு அடுப்பில் பருப்பு கருகும் வரைக்கும் அந்த இடத்திலேயே நின்றேன். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நீ இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் எழும்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் எங்காவது இரு. அப்பாவுக்குப் பாஸ்போர்ட் நம்பர் கிடையாது. அப்பா இல்லை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்ததே, அந்த மழைக்காலத்திலேயே செத்துப்போனார். நாலு வருடமாகிறது. எனக்குத் தெரிந்து மூன்று வருடத்துக்கு மேல். உனக்கு நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து உனக்கு வந்த பதினொரு கடிதங்களும் அப்பா சொல்லி எழுதினவை அல்ல. இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் இந்த இடத்துக்குத்தான் வரவேண்டும் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். இடையில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. அதன் பிறகு என்னைத் திட்டு, வராமல் விடு, என்ன வேண்டுமானாலும் செய்.

அப்பாவின் கடிதம் எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். "புகையிலைப் பால் பட்ட கை, பேனையைப் பிடிச்சால் ஒட்டுது" என்று சாட்டுச் சொல்லுவார். அவர் கயிற்றுக் கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல, சித்தப்பாதான் எழுதுவார். அதனால் அப்பாவின் எழுத்து என்று நீயும் நானும் நினைத்திருந்தது எப்போதும் சித்தப்பாவின் எழுத்துத்தான். முதல் வரி எப்போதும் கிணறு. "கிணற்றிலை ஒன்பது முழம் தண்ணி." அடுத்தது நாற்று, அதற்கடுத்தது இலை. மண்ணெண்ணெய் இல்லாமல் பம்ப் ஓடாதது, தண்ணீர் இறைக்கப் பழைய துலாவைத் திரும்பக் கட்டியது, எத்தனை கன்று வாடியது. கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் நாங்கள். "தம்பிக்குச் சளி எண்டால் மல்லி அவிச்சுக் குடு." அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு கேள்வி இராது. நான் எண்பத்தெட்டில் உன்னைப் பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டு இங்கே வந்த பிறகு எனக்கு வந்த கடிதங்களை ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாராவது எடுத்துப் படித்தால், ஒரு தோட்டக்காரன் இன்னொரு தோட்டக்காரனுக்கு எழுதியது என்றுதான் நினைப்பார்கள். பெண்சாதிக்கு எழுதியது என்று நினைக்கமாட்டார்கள். எனக்கு அது கோபம். அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுவேன்.

அந்த நாட்களில் நான் இங்கே பொலிதேயாமாத் தியேட்டர்ப் பக்கம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். உன்னை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். இளம் வயதில் அவர் லிபியாவில், திரிப்போலிக்குத் தெற்கே மலைப்பக்கத்தில், புகையிலைத் தோட்டம் வைத்திருந்தவர். இத்தாலிக்காரர் அங்கே ஆண்ட காலம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காஸ்பரே என்ற சிநேகிதர். மழைக்காலத்தில் பாதை மூடினால் இரண்டு பேரும் ஆள் விட்டுக் கடிதம் மாற்றிக்கொள்வார்களாம். காஸ்பரே எழுதின ஒரு பெட்டிக் கடிதங்கள் கட்டிலுக்குக் கீழே இருந்தன. கிழவருக்குக் கண் போய்விட்டது. மகள் சிஞ்ஞோரா மாதத்துக்கு ஒருமுறை வந்து, தூசி பார்த்துவிட்டுப் போவாள். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடிதங்களைப் படிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். பிழை விட்டால் கட்டிலைத் தட்டிக் கத்துவார். நீங்கள் எல்லோரும் கடையிலும் பஸ்ஸிலும் இத்தாலியன் பழகினீர்கள். நான் பழகியது புகையிலைக் கடிதத்தில். சீனிக்கும் உப்புக்கும் பெயர் தெரியாத காலத்திலேயே நாற்றுமேடைக்கும் பூஞ்சணத்துக்கும் இத்தாலியனில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள், "உனக்கு இதெல்லாம் எப்படி விளங்குகிறது?" என்று கேட்டார். என் புருஷன் புகையிலை வைக்கிறவர் என்றேன். தலையணையை விட்டு எழும்பி உட்கார்ந்தார். "எத்தனை இலை விட்டுத் தலையை முறிப்பான்?" என்று கேட்டார். பத்து என்றேன். உடனே, "பத்தா? அப்படியென்றால் கிணறு உவர்" என்றார். எங்கள் கிணறு உவர் என்பது உண்மை. அதனால்தான் அப்பா பத்து இலையோடு குருத்தை முறித்துவிடுவார். மிச்சச் சத்தெல்லாம் அந்தப் பத்துக்குப் போய் இலை தடிக்கும். சித்தப்பாவின் தோட்டம் செம்மண், நல்ல தண்ணீர். அவர் பதினாலு விடுவார். இந்த நாலு இலைக்காக அண்ணனும் தம்பியும் இருபது வருடம் சண்டை பிடித்ததை நீயும் பார்த்திருக்கிறாய். "பதினாலு விட்டால் அது புகையிலை இல்லை, கீரை" என்பார் அப்பா.

காஸ்பரேயின் கடிதம் ஒன்று இன்னும் எனக்குள் கிடக்கிறது. நாற்று நன்றாக எழும்பியிருக்கிறது என்று முதல் வரி. அடுத்தது, கிணற்றடியில் இருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தியாயிற்று, இனித் தண்ணீருக்குக் குறைவில்லை. அதற்கடுத்தது, சின்னவளுக்கு முதல் பல் வந்துவிட்டது. ஒரே மூச்சில் மூன்றும். நான் நிறுத்திவிட்டு, "அவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டேன். "யார்?" என்றார். "கிணற்றடியில் இருந்தவர்கள்." கிழவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். பிறகு, "இது புகையிலைக் கடிதம். அதையெல்லாம் இதில் ஏன் எழுதவேண்டும்?" என்றார். இலையைக் கோத்துத் தொங்கவிட்டவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தப் பெட்டி முழுவதிலும் இல்லை. அன்றிலிருந்து யாருடைய கடிதத்தைப் படித்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை விட, என்ன எழுதவில்லை என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

நான் அந்தக் கிழவரைக் குளிப்பாட்டினேன். மலசலம் துடைத்தேன். இதை நீ வந்து சேர்ந்த மாதமே கண்டுபிடித்து, ஒன்றும் கேட்காமல் விட்டாய். அப்பாவுக்கு நான் எழுதியது வேறு. "ஒரு பெரிய வீட்டிலை சமையல், மேசை துடைக்கிறதுகூட வேறை ஆள்" என்று எழுதினேன். ஊரில் தலை நிமிர்ந்து நடந்த மனுஷன். தன் பெண்சாதி அந்நிய ஆண் ஒருவரின் உடம்பைக் கழுவுகிறாள் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. சாவைவிட வெட்கம் பெரிதாகத் தெரிந்த காலம் அது. இப்போது நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

தொண்ணூற்றைந்து ஆவணியில் அப்பாவின் கடிதம் ஒன்று வந்தது. அதுதான் கடைசி உண்மையான கடிதம். இதோடு வைத்து அனுப்புகிறேன், பார். கிணற்றில் ஏழு முழம் தண்ணீர். பாதை மூடியதால் அந்தப் போகத்து இலை தெற்கே போகவில்லை, பதப்படப் பாடம் போட்டபடி புகையிலைக் குடிலுக்குள் அடுக்கிக் கிடக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி. "கொழும்புக்குப் போகப் பாஸ் கிடைக்கும் போலை கிடக்கு. இலையைத் தம்பியிட்டை விட்டிட்டு நான் வரட்டோ?" இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த மனுஷன் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அது. அதுவரை எல்லாம் சொல்லுவார், கேட்டதில்லை. அவர் பயந்திருக்கிறார், ராசா. இப்போது எனக்கு விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது, அவர் வந்தால் நான் காலையில் எங்கே போகிறேன், என்ன செய்கிறேன் என்று பார்த்துவிடுவார் என்பது மட்டும்தான்.

நான் பதில் எழுதினேன். "அந்த இலையைச் சித்தப்பாவின்ரை தலையிலை கட்டாதேங்கோ. பிள்ளையளைப் போலை வளர்த்ததைப் பழுதாக்கிப்போட்டு இஞ்சை வந்து என்ன செய்யப் போறியள்? மழை போகட்டும், பாதை திறக்கட்டும், இலையை அனுப்பிப்போட்டு ஆறுதலாய் வாங்கோ." அவருக்கு எது பொறுக்காது என்று தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தேன். இலை பழுதாகும் என்று சொன்னால் அப்பா நிற்பார். நின்றார்.

அந்த ஐப்பசியில் இராணுவம் நெருங்க, எல்லோரும் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அப்பாவும் போனார். அதன் பிறகு ஏழு மாதம் ஒரு கடிதமும் இல்லை. நீ எப்படி இருந்தாய் என்பது எனக்குத் தெரியும், உனக்கு மறந்திருக்கும். வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பாய். ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "அப்பாவுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் இஞ்சை இருக்கமாட்டன் அம்மா. போய் இயக்கத்தோடை நிண்டிடுவன்" என்றாய். உனக்கு இருபது வயது. உன்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் அப்படி நின்று படமாகித் தொங்குகிறார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ சொன்னதைச் செய்கிற ஆள். அந்த விஷயத்தில் நீ உன் அப்பாதான்.

தொண்ணூற்றாறு ஆனியில் கடிதம் வந்தது. நீ துள்ளினாய். மக்வேதாத் தெருவுக்கு ஓடிப் போய் இனிப்பு வாங்கி வந்தாய். நான் அடுத்தநாள் அதைக் கிழவர் வீட்டுக்குக் கொண்டு போய், அவர் தூங்கின பிறகு ஆறுதலாகப் படித்தேன். அதே எழுத்து. ஊருக்குத் திரும்பிவிட்டோம், வீட்டுக் கூரை இல்லை, மற்றபடி சுகம் என்று இருந்தது. கிணறு இல்லை. எத்தனை முழம் தண்ணீர் என்ற வரி இல்லாமல் அப்பாவின் கடிதம் தொடங்கியது அதுதான் முதல் முறை. அடுத்த பக்கத்தில், இனி வரும் போகத்துக்கு "வழக்கம் போலை பதினாலு இலை விட்டு முறிக்கலாம் எண்டு நினைக்கிறன்" என்று இருந்தது. கடைசியில், "உங்கள் ரெண்டு பேரையும் நினைச்சு அழாத நாள் இல்லை" என்று இருந்தது. நான் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் புருஷன் பதினாலு இலை விடமாட்டார். அழுதாலும் அதை இன்னொருவரைக் கொண்டு எழுதுவிக்கமாட்டார். எட்டு வருடமாக அந்த ஒரு வரிக்காகத்தான் நான் காத்திருந்தேன். அது வந்தபோது, அவர் உயிரோடு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பா கண் காட்டக் கொழும்புக்கு வந்தார். நான் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து டெலிபோன் கடையிலிருந்து அவர் தங்கியிருந்த லொட்ஜுக்கு எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை. "தம்பி, அண்ணை எப்ப செத்தவர்?" என்று கேட்டேன். "மச்சாள், ஆர் சொன்னது?" என்றார். "நீதான் சொன்னனி. பதினாலு இலை எண்டு." மனுஷன் விக்கி விக்கி அழுதார். பாலத்தைக் கடந்து இரண்டாம் நாள், மழை விடாமல் பெய்ததாம். அப்பா சைக்கிளை எடுத்தாராம். "குடில் ஒழுகும். அடுக்கைப் பிரிச்சு மாத்தி அடுக்காட்டில் பூஞ்சணம் பிடிச்சிடும். அவளும் எழுதினவள். நாளைக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவளும் எழுதினவள் என்று சொன்னாராம். சித்தப்பா என்னை நோகடிக்க அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

சித்திரையில் ஊர் திரும்பினபோது சித்தப்பா நேரே குடிலுக்குப் போயிருக்கிறார். பாதி அடுக்கு ஒழுங்காக மாற்றி அடுக்கியிருந்ததாம். மற்றப் பாதி கீழே. அதற்குள் அப்பா. ஷெல் குடிலின் ஒரு பக்கத்தைக் கொண்டு போயிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த, குடில் பூட்டின் திறப்பைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாராம். அங்கேயே எரித்துவிட்டார். அடுத்த மாதம் காணியும் கிணறும் இராணுவ முகாமின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்விட்டன. இப்போது அங்கே யாரோ ஒருவன் தன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவான். தண்ணீருக்குக் குறைவில்லை என்று எழுதுவான்.

"வெளியிலை இருக்கிற ஆக்களுக்கு இப்பிடி எழுதிப் போடக்கூடாது மச்சாள். நேரிலை ஆரும் வந்து பக்கத்திலை இருந்து சொல்லவேணும். அதுவரைக்கும் எண்டுதான் எழுதினன்" என்றார் சித்தப்பா. அது நம் ஆட்களின் வழக்கம், உனக்கும் தெரியும். இங்கே எத்தனை பேர் தாய் செத்து ஒரு வருடம் கழித்துக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அவர் அழுது முடிய நான் சொன்னேன்: "தம்பி, நிப்பாட்டாதை. எழுது. ஆனால் பத்து இலை எண்டு எழுது. கிணத்தை முதல் வரியிலை எழுது." சொல்லிவிட்டு வெளியே வந்து, ஸ்டேஷன் படியில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்காக அழுவதற்கு அன்று எனக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது. பிறகு கிழவருக்கு மருந்து கொடுக்கப் போனேன்.

உனக்கு நிரந்தர வேலை கிடைக்கட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். கிடைத்தது. உன் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பித்து முடியட்டும் என்றேன். முடிந்தது. உன் கோபம் தணியட்டும் என்றேன். கோபம் தணிந்தது எதனால் என்றால் அந்தக் கடிதங்களால்தான். அப்பா உன்னைப் பதினாறு வயதில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. அந்த மனுஷனைக் கடிதத்தில் மன்னித்தாய். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதினாய். நான் அதை எப்படி நிறுத்துவது? தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் நீ குவெஸ்தூரா வரைக்கும் போய்விட்டாய்.

இந்த மூன்று வருடமும் நான் பொட்டோடு திரிந்தேன். மக்வேதாப் பக்கத்து நம் கடையில் பொட்டுப் பெட்டி வாங்கும்போது கடைக்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டேன். தாலியைக் கழற்றவில்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் இருக்கவேண்டும். நீ மூன்று ஆடி அமாவாசையும் சிநேகிதர்களோடு கடற்கரைக்குப் போய்க் கோழி பொரித்துச் சாப்பிட்டாய். சாப்பாட்டுப் பெட்டி கட்டித் தந்ததே நான்தான். உனக்குப் பதிலாக நான் பட்டினி கிடந்தேன். அது கணக்கில் சேருமோ தெரியாது. சேராது என்றுதான் நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிள்ளை இருந்தும் ஒரு பிடி எள்ளுத் தண்ணீர் விழவில்லை. அதை உன் கையிலிருந்து பறித்தவள் நான். எனக்கு எல்லாவற்றிலும் அதுதான் ஆறாமல் கிடக்கிறது.

அதனால் தை மாதத்துக்கு முன்னால் ஒருமுறை வா. செத்த நாள் சரியாகத் தெரியாததால் சித்தப்பா கார்த்திகை அமாவாசையைத்தான் திதியாக வைத்திருக்கிறார். ஐயர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கடல் இருக்கிறது, எள்ளு வாங்கி வைத்திருக்கிறேன். கலியாணக் கார்ட்டில் அப்பாவின் பெயருக்கு முன்னால் போடவேண்டியதைப் போடச் சொல். பெண் வீட்டுக்காரருக்கு நானே சொல்கிறேன். அந்தப் பாரத்தை நீ சுமக்காதே. என்னை மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்தவேண்டும், தாலியை என் கையில் தந்து வாங்கவேண்டும் என்று நீ சொன்னாய். இனி நம் ஆட்கள் அதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நீ கேட்டால் நிற்பேன், கேட்காவிட்டால் பின்வரிசையில் இருந்து பார்ப்பேன். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும். உன்னிடம் யாராவது "நான் வரட்டோ" என்று கேட்டால், வா என்று சொல். வீடு கூட்டிக் கிடக்கிறதா, நீ என்ன கோலத்தில் நிற்கிறாய் என்றெல்லாம் பார்க்காதே.

கிழவர் போன வருடம் செத்தார். சிஞ்ஞோரா அந்தப் பெட்டியை அப்படியே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. வீட்டில் என்னிடமே போதுமான கடிதங்கள் இருந்தன.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியவே வராது. ஆனாலும் எழுதுகிறேன். முதல் இரண்டு கடிதங்கள்தான் சித்தப்பாவின் சொந்தம். அதன் பிறகு அவரால் முடியவில்லை. "செத்த மனுஷனின்ரை வாயாலை கதைக்க ஏலாது மச்சாள், எனக்கு நித்திரை வருதில்லை" என்று எழுதினார். அதனால் நான் எழுதினேன். சமையலறை மேசையில் இருந்து எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவேன். சித்தப்பா அதைத் தன் கையால் பார்த்து எழுதி உன் பெயருக்குத் திருப்பி அனுப்புவார். இங்கிருந்து அங்கே போய், எழுத்து மாறி, இரண்டு மூன்று மாதத்தில் நம் வீட்டுத் தபால் பெட்டிக்கே வந்து சேரும். நீ அதைப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டுவாய். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்பேன். கிணறும் இலையும் பிழை இல்லாமல் இருந்திருக்கும், இல்லையா? அவ்வளவும் அவரோடு வாழ்ந்து எனக்குத் தெரிந்தது.

நீ பேர்ஸில் மடித்து வைத்திருக்கிற தாளில் ஒரு வரி இருக்கிறது. "உன்னைப் பிரிஞ்சு இருந்தது நீ வேண்டாம் எண்டு இல்லை ராசா, நீ உயிரோடை இருக்கவேணும் எண்டுதான்." அப்பா உன்னை ஒருநாளும் ராசா என்று கூப்பிட்டதில்லை. தம்பி என்பார், கோபம் வந்தால் டேய் என்பார். உன்னைப் பன்னிரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவள் நான். நாலு வருடம் கழித்து நீ வந்து இறங்கினபோது அம்மா என்று கூப்பிட உனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த வரியை எழுதின நாளில் உனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. எழுந்து வந்து உனக்கு நேரே சொல்லியிருக்கலாம். நீ அடுத்த அறையில்தான் படுத்திருந்தாய்.

அம்மா